துடைத்த பின் நீக்க வேண்டியது

 

பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த நம் ஒவ்வொருவருக்கும் இந்தப் பெருநகரங்கள் ஏதோ ஒரு வேலையைக் கொடுத்திருக்கின்றன. சிலருக்கு அலுவலகம், சிலருக்குக் கடை, சிலருக்குத் தொழிற்சாலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி ஹௌராவில் வந்து இறங்கிய எனக்குக் கொல்கத்தா கொடுத்த வேலை சற்று வித்தியாசமானது. விமானத்தைக் கழுவித் துடைத்து மெருகேற்றும் வேலை அது. நான் எதைக் கொண்டு பிழைத்தேனோ, அதைக் கொண்டே கர்த்தர் என்னோடு இடைபட்டார். அந்தச் சாட்சியையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விமானம் என்றதும் முந்நூறு பேரைச் சுமந்து செல்லும் பெரிய விமானத்தை நினைத்துவிடாதீர்கள். நான் கழுவியது ஒரு தனியாருக்குச் சொந்தமான சிறிய விமானம். செஸ்னா 172 என்பது அதன் வகை. நான்கு பேர் மட்டுமே அமரலாம். மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 27 அடி. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 36 அடி. உலகத்தில் இந்த ஒரு வகையில் மட்டும் 44,000-க்கும் அதிகமான விமானங்கள் செய்யப்பட்டுள்ளன. சிறிய விமானங்கள் கொல்கத்தாவுக்குப் புதியவை அல்ல. 1929 பிப்ரவரியிலேயே வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் டம்டமில் விமானச் சங்கத்தைத் திறந்து வைத்தார். தெற்கே பெஹாலாவிலும் பயிற்சி விமானங்களுக்கென்று ஒரு சிறிய விமானத்தளம் உண்டு.

இந்த ஊரின் காற்றில் விமானத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எளிதன்று. பனிக்காலத்தில் புகையும் தூசியும் மூடுபனியோடு சேர்ந்து இறக்கைமேல் கரியாகப் படியும். சித்திரை, வைகாசியில் 'கால்பைசாகி' என்னும் புயற்காற்று மண்ணை வாரி இறைக்கும். அதன்பின் மழைக்காலத்தின் ஈரம். இவற்றோடு காகங்களின் எச்சமும், பறக்கும்போது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்ளும் பூச்சிகளும், வயிற்றுப் பகுதியில் வழியும் எண்ணெயும் உண்டு. இவற்றை அப்படியே விட்டுவிட்டால் வர்ணத்தின் அடியில் அரிப்பு புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல் நெளிந்து நெளிந்து பரவும். ஆகவே விமானத்தைத் துடைப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அதன் ஆயுளுக்காகவும்தான்.

பார்த்த பின்பே துடை

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயது முதிர்ந்த வங்காளி மெக்கானிக். வங்காளத்தில் மூத்தவர்களைத் 'தாதா' என்று அழைப்பார்கள். அண்ணன் என்பது அதன் பொருள். நானும் அவரைத் தாதா என்றே அழைத்தேன். அவர் நம்முடைய ஆண்டவரை அறியாதவர். ஆனால் தம் தொழிலில் உண்மையுள்ளவர்.

முதல் நாள் நான் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு உற்சாகமாக இறக்கையை நோக்கிச் சென்றபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணீரை ஊற்றுவதற்கு முன் நன்றாகப் பார்" என்றார். வரிசையாக இருந்த தறையாணிகளில் ஒன்றன் பின்னால் மட்டும் கறுப்பாக ஒரு சிறு கோடு இழுபட்டிருந்தது. எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. அவருக்கோ அது செய்தியாகத் தெரிந்தது. ஆணி தளர்ந்து துளைக்குள் அசையும்போது உலோகம் உராய்ந்து பொடியாகும். அந்தப் பொடி காற்றில் பின்னோக்கி இழுபட்டுப் புகைபோன்ற கோடாகப் படியும். பார்க்காமல் துடைத்துவிட்டால் விமானம் பளபளக்கும். ஆணி தளர்ந்தபடியே இருக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் மட்டும் போய்விடும்.

பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேர் இப்படிப்பட்ட கோடுகளை அவசரமாகத் துடைத்துவிடுகிறோம்! பிள்ளையின் முகவாட்டம், மனைவியின் மௌனம், ஜெப நேரத்தில் வரும் சலிப்பு இவையெல்லாம் வெறும் அழுக்கு அல்ல. எங்கோ ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் அடையாளங்கள். தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனிடத்தில் மன்றாடிய பிறகே, தன்னை நித்திய வழியிலே நடத்தும்படி தாவீது கேட்டான் (சங்கீதம் 139:23, 24).

உலர்ந்த துணி கூடாது

இரண்டாவதாக அவர் கற்றுத் தந்தது மென்மை. விமானத்தின் முன்கண்ணாடி உண்மையில் கண்ணாடி அன்று. அக்ரிலிக் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். வீட்டுக் கண்ணாடியைத் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் பட்டால் அது மங்கி, நுண்ணிய வெடிப்புகள் விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே அரமாகிக் கீறிவிடும். முதலில் தாராளமாகத் தண்ணீரை ஊற்றி, கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையால் தடவ வேண்டும். விரலுக்குத் தட்டுப்படும் மணற்துகளை விரல் உணரும், துணி உணராது.

உலோகத்திலும் அப்படியே. அலுமினியத்தைப் பாத்திரம் துலக்குவதுபோல் இரும்புக் கம்பிச் சுருளால் தேய்க்கவே கூடாது. அதன் நுண்துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, அந்த இடத்திலிருந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். விமானத் தகடுகள் பலவற்றில் உறுதியான கலப்பு உலோகத்தின்மேல் தூய அலுமினியம் மெல்லிய படலமாக மூடியிருக்கும். தகட்டின் கனத்தில் அது ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்குதான். அந்தப் படலமே தகட்டுக்குக் காவல். வர்ணம் பூசாத பகுதிக்கு மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது தேய்ந்து போகும். அதிகமாக மெருகேற்ற ஆசைப்படுகிறவன், பளபளப்புக்காகக் காவலையே தேய்த்துப் போடுகிறான்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டிக்கும்போதெல்லாம் இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. முதலில் தண்ணீர், பிறகுதான் கை. அன்பின் ஈரம் இல்லாத கண்டிப்பு அழுக்கை எடுப்பதற்குப் பதிலாகக் கீறலை உண்டாக்கும்.

சிறு துவாரம்

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம் உண்டு. குண்டூசியின் தலையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். விவரம் அறியாதவர்கள் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை விமானி அறிவது அந்தத் துவாரத்தினால்தான். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். அந்த அழுத்தம் துவாரத்தின் வழியாகக் குழாய்க்குள் சென்று உயரமானிக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் பேழையை விரியச் செய்யும், முள் நகரும். துவாரம் அடைபட்டால் தரையில் இருந்த அழுத்தமே உள்ளே சிறைப்பட்டிருக்கும். விமானம் ஏறினாலும் இறங்கினாலும் முள் உண்மையைச் சொல்லாது. வேகத்தைக் காட்டும் கருவியும் பொய் சொல்லத் தொடங்கும்.

கழுவும்போது சோப்பு நீர் உள்ளே புகாதபடி அந்தத் துவாரத்தின்மேல் நாடா ஒட்டிப் பாதுகாப்பது வழக்கம். எவர் கண்ணுக்கும் தப்பாத சிவப்பு நிறத்தில் அது இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறவாமல் நீக்க வேண்டும். நீக்கியபின் பட்டியலில் குறியிட்டுக் கையெழுத்திட வேண்டும். இது சட்டம்.

2006ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை விமானம் புறப்படவிருந்தது. எனக்கோ மாலையில் சபையில் காத்திருப்புக் கூட்டம். அன்று பாடல் நடத்த வேண்டியவனும் நானே. சிவப்பு நாடா தீர்ந்துபோயிருந்தது. அட்டைப் பெட்டி ஒட்டும் நிறமற்ற நாடாவைக் கிழித்து ஒட்டினேன். கழுவினேன், மெழுகிட்டேன், மெருகேற்றினேன். வெள்ளை வர்ணத்தில் என் முகம் தெரிந்தது. பட்டியலில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மூச்சில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உடை மாற்றிக்கொண்டு, வேதாகமத்தைக் கையில் எடுத்தேன்.

அப்பொழுது தாதா விமானத்தைச் சுற்றி வந்தார். அவர் கண்ணால் மட்டும் பார்ப்பவர் அல்ல; உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடப்பவர். ஓரிடத்தில் அவர் கை நின்றது. என்னை அழைத்தார். சத்தமிடவில்லை. "இதை நீயே எடு" என்றார். நான் நகத்தால் கீறி எடுத்தேன். ஒட்டியிருந்தது தெரியாத அளவுக்கு அந்த நாடாவின்மீதும் மெழுகேற்றி மினுக்கியிருந்தேன்! அடுத்து அவர் பட்டியலை நீட்டினார். 'நாடா நீக்கப்பட்டது' என்ற இடத்தில் என் குறியும், கீழே என் கையெழுத்தும் இருந்தன. "இது உன் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து, எனக்கு அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

லீமாவில் நடந்தது

1996 அக்டோபர் 2ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகரத்திலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கு ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானம் புறப்பட்டது. அதில் 61 பயணிகளும் 9 பணியாளர்களும் இருந்தனர். புறப்படுவதற்கு முன் அந்த விமானத்தைக் கழுவி மெருகேற்றியிருந்தார்கள். துவாரங்களின்மேல் ஒட்டிய நாடா நீக்கப்படவில்லை. விமானத்தின் உலோக நிறமும் நாடாவின் நிறமும் ஒன்றுபோல் இருந்ததால் இருட்டில் எவர் கண்ணிலும் அது படவில்லை.

மேலே எழும்பியதும் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. கீழே கடல், மேலே இருள். விமானிகள் தரைக்கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார்கள்: "எங்கள் உயரம் என்ன?" அவர்கள் திரையைப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அந்தத் திரையில் தெரிந்த உயரமும் விமானமே அனுப்பிய தவறான எண்தான். தாங்கள் அனுப்பிய பொய்யையே பிறர் வாயால் உறுதியாகக் கேட்டார்கள். தரை அருகில் இருக்கிறது என்று வேறொரு கருவி எச்சரித்தது. எதை நம்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பின் இறக்கை கடல் நீரில் இடித்தது. அந்த நேரத்திலும் உயரமானி காட்டியது ஏறக்குறைய 9,700 அடி. 70 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தாதா எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "அழுக்கோடு பறந்த விமானம் திரும்பி வந்துவிடும் தம்பி. நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம்.

ஏழு ஆண்டு நாடா

நான் அன்று காத்திருப்புக் கூட்டத்துக்குப் போனேன். பாடல் நடத்தவில்லை, பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். எல்லாரும் ஆவியில் நிறைந்து துதித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் ஒரே ஒரு சொல் என் உள்ளத்தில் திரும்பத் திரும்ப ஒலித்தது. 'தாதா.' ஒரு நாளைக்கு நூறு முறை ஓர் அந்நியரை அண்ணன் என்று அழைக்கிறேன். என் தாயின் வயிற்றில் எனக்கு முன் பிறந்த அண்ணனோடு நான் பேசி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரணம், அப்பா விட்டுச்சென்ற வீடு. நான் ஊரில் இல்லாத சமயத்தில் அண்ணன் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வாய்ச்சண்டை முற்றியது. கைகலப்பாகிவிடக் கூடாது என்று அஞ்சி, சில நாட்கள் பேசாதிருப்பது நல்லது என்று விலகினேன். அன்று அந்த மௌனம் நல்லதாகத்தான் இருந்தது. சோப்பு நீர் உள்ளே போகாதபடி ஒட்டிய நாடா அது. ஆனால் ஒரு மாதத்தில் நீக்க வேண்டியதை நான் ஏழு ஆண்டுகள் நீக்கவில்லை. அதன்மேல் மெழுகும் ஏற்றினேன். வெள்ளை உடை உடுத்தினேன், உபவாசம் இருந்தேன், பாடல் நடத்தினேன். அண்ணனோடு ஒட்டியிருந்த அம்மா ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் "அண்ணனுக்கு ஒரு வரி எழுது" என்று எழுதுவார்கள். அதைப் படித்து மடித்து வைத்துவிடுவேன். மன்னிப்பைக் குறித்துப் போதகர் பிரசங்கிக்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு இது நல்ல செய்தி என்று எண்ணிக்கொள்வேன். நான் சொன்னதை மட்டுமே அறிந்த சபையார், "பிரதருக்கு நல்ல ஆவிக்குரிய வளர்ச்சி" என்றார்கள். நான் அனுப்பிய எண்ணையே அவர்கள் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். என் முள் பத்தாயிரம் அடி காட்டியது. என் இறக்கையோ தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் ஒரு மாதம் தவறாமல் கர்த்தருடைய பந்தியில் கைநீட்டினேன்!

மறுநாள் ஞாயிறு, பந்தி ஆராதனை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகும்படி ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 5:23, 24) நான் எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். அன்று ஆராதனைக்கு முன்பே லேக் மார்க்கெட் அருகில் ஒரு தொலைபேசிக் கடைக்குச் சென்று ஊருக்குப் பேசினேன். அண்ணனே எடுத்தார்.

"அண்ணே, நான் சின்னவன் பேசுகிறேன்" என்றேன்.

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "என்ன விஷயம்? பணம் ஏதும் வேண்டுமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லுகிறேன், அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. வீட்டை எடுத்துக்கொண்டவர் என்னிடம் கேட்கும் கேள்வியா இது என்று நாவின் நுனிவரை வந்துவிட்டது. கர்த்தர் என் வாயைக் காத்தார். "ஒன்றும் வேண்டாம் அண்ணே. இத்தனை நாள் பேசாமல் இருந்தது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அழுகையும் இல்லை, அணைப்பும் இல்லை. ஆனாலும் ஏழு ஆண்டுகளுக்குப் பின் என் முள் அசைந்தது. அது காட்டிய உயரம் மிகவும் தாழ்வானது; ஆனால் உண்மையானது.

அடுத்த மாதம் அவரே அழைத்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குச் சென்றேன். எங்கள் அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பந்தியில் உணவு பரிமாறினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்தே பெட்டியைச் சுமந்தோம். வீடு இன்றும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கர்த்தருடைய கரத்தில் விட்டுவிட்டேன்.

காட்சிக்கா, பறப்பதற்கா?

1947இல் பிஜு பட்நாயக் தொடங்கிய கலிங்கா ஏர்லைன்ஸ் கொல்கத்தாவிலிருந்துதான் இயங்கியது. அதன் டகோட்டா விமானம் ஒன்று கொல்கத்தா விமான நிலையத்தில் பல ஆண்டுகள் கேட்பாரற்று நின்றது. 2023 ஜனவரியில் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, லாரிகளில் புவனேஸ்வருக்குக் கொண்டுசென்று, புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தார்கள். பழைய காலத்தின் நினைவாக அதைப் போற்றுவது நல்லதே. ஆனால் அது இனிப் பறக்கப்போவதில்லை. காட்சிக்கு வைக்கும் விமானத்துக்கு மேற்பூச்சு போதும். பறக்கவேண்டிய விமானத்துக்கோ அந்தச் சிறு துவாரம் திறந்திருக்க வேண்டும்.

அன்பான தேவபிள்ளையே, நீ காட்சிக்காக அழைக்கப்பட்டவன் அல்ல. வெளிப்புறத்தைச் சுத்தம் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. பாத்திரத்தின் உட்புறத்தை முதலில் சுத்தமாக்கினால் வெளிப்புறமும் சுத்தமாகும் என்றே ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 23:26). தூர நகரத்தில் வாழும் நம்மை ஊரார் விடுமுறை நாட்களில்தான் பார்க்கிறார்கள். நம் மினுமினுப்பு மட்டுமே அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊரில் எவரோடு பேச்சை நிறுத்திவிட்டு ரயிலேறினாய்? எந்தக் கடிதத்தை மடித்து வைத்தாய்? பாதுகாப்புக்கென்று நீ அன்று ஒட்டியது எது? அதை நீக்கும் நாள் கடந்துபோகவில்லையா?

இன்றைக்கே உன் உள்ளங்கையால் தடவிப் பார். தட்டுப்பட்டால், பிறர் எடுக்கட்டும் என்று காத்திராதே. நீயே எடு.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, என் வெளித்தோற்றத்தைக் காத்துக்கொண்டு, உம்முடைய சத்தம் நுழையும் வழியை நானே அடைத்திருந்தால் எனக்கு அதைக் காண்பியும். அதை நீக்க எனக்குப் பெலன் தாரும். என் உண்மையான நிலையை அறிந்து உமக்கு முன்பாக நடக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், பிதாவே. ஆமென்.